‘சுபம்’ போடும் நாள்

கந்த சஷ்டி வந்துவிட்டால் முருகன் கோயில்களிலெல்லாம் ஒரே அமர்க்களந்தான். ஆறாம் நாள் மாலை யானைமுகன் வருவான், சிங்கமுகன் வருவான், சூரபத்மன் வருவான், கடைசியில் அவனே மாமரமாகவும் நிற்பான். வேல் பாயும். கூட்டம் ஆரவாரம் செய்யும். திருச்செந்தூர்க் கடற்கரையில் அன்று எள் போட்டால் எள் விழாது.

ஆனால், திருத்தணிகையில் மட்டும் இந்தக் காட்சி கிடையாது. போரெல்லாம் முடிந்த பிறகு முருகப் பெருமான் சினம் தணிந்து வந்து அமர்ந்த மலை அது என்பது ஐதிகம். ‘தணிகை’ என்ற பெயரே அதனால் வந்தது என்பார்கள். ஆகவே சஷ்டியன்று அங்கே சம்ஹாரம் இல்லை. கூடை கூடையாகப் பூவைக் கொட்டிப் புஷ்பாஞ்சலிதான்.

டெலிவிஷன் தொடர்களின் கடைசி நாளைப் பற்றிக் கட்டுரை என்று உட்கார்ந்துகொண்டு, இதென்ன ஸ்தல புராணம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. ஆயிரம் நாள் ஓடுகிற ஒரு தொடரை இரண்டு விதமாக முடிக்கலாம். ஒன்று திருச்செந்தூர் முடிவு: வில்லிக்கு விலங்கு, வில்லனுக்குத் துப்பாக்கிக் குண்டு, கரகோஷம். இன்னொன்று தணிகை முடிவு: அத்தனை நாளாக எந்தப் பெண்ணுக்காக நாம் மனம் வெதும்பிக்கொண்டிருந்தோமோ, அவள் மனம் ஆறிவிட்டது என்று நமக்குத் தெரிவது. முதல் ரகத்தை அன்றைக்கு ரசிக்கிறோம். இரண்டாவது ரகத்தைத்தான் பல வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இது என் கட்சி. சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன், தீர்ப்பு உங்களுடையது.

அவிழ்ந்த கூந்தல்

முதல் சாட்சி டெலிவிஷனுக்கு மிகவும் மூத்தவள்: திரௌபதி அம்மன்.

திருத்தணிச் சீமையிலும், அதை ஒட்டிய சித்தூர், வேலூர், காஞ்சிபுரம் பக்கங்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களுக்குப் பஞ்சமில்லை. அம்மனுக்கு உற்சவம் என்றால் நாள் கணக்கில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. இன்றைக்கு வில் வளைப்பு, நாளைக்குச் சூது, மறுநாள் துகிலுரிதல் என்று கதை நகர்ந்துகொண்டே போகும். சமையலை ஒழித்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாயும் கையுமாக வந்து இடம் பிடித்த பெண்கள்தாம் நம் நாட்டின் முதல் தொடர் நேயர்கள். ‘தொடரும்’ என்ற அட்டைதான் இல்லையே தவிர, மற்றதெல்லாம் இருந்தது.

அந்தத் தொடருக்கு ஒரு கிளைமாக்ஸ் உண்டு. அதற்குப் படுகளம் என்று பெயர். மைதானத்தில் மண்ணைக் குவித்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தைப் பிரம்மாண்டமாகச் செய்திருப்பார்கள். கூத்துக்காரர்கள் பீமனும் துரியோதனனுமாக வேஷம் கட்டி அதைச் சுற்றிச் சுற்றிப் போர் புரிவார்கள். கடைசியில் தொடையில் அடி விழும். செந்நிறக் குழம்பு கொட்டும். அன்று மாலை தீமிதி.

இதில் ஜனங்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? துரியோதனன் விழுவதை மட்டுமா? சபை நடுவே அவிழ்ந்த கூந்தலை முடிய மாட்டேன் என்று அவள் சபதம் செய்தாளே, அந்தக் கூந்தல் முடியப்படுவதைத்தான். எத்தனையோ இரவுகளாக விரிந்து கிடந்த தலை அன்று முடிச்சாகிறது. பார்த்திருக்கிற பெண்களின் நெஞ்சுக்குள்ளும் ஏதோ ஒன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு நிம்மதி அடைகிறது.

இதைவிட ரஸமான சங்கதி ஒன்று உண்டு. விழுந்து கிடக்கிற துரியோதனனுக்காகவும் அங்கே ஒப்பாரி வைப்பார்கள்! அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே? வில்லன் மாண்டான் என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற முடிவு அல்ல அது. எல்லார் கோபமும் கண்ணீராகக் கரைந்து போகிற முடிவு.

சுட்டது யார்?

இனி டெலிவிஷனுக்கு வருவோம். அமெரிக்காவில் தொடர்களுக்குச் சீஸன் உண்டு. இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து வசந்த காலத்தில் நிறுத்திவிடுவார்கள். கோடை முழுவதும் விடுமுறை. நேயர்கள் விடுமுறையில் மறந்துவிடாமல் இருக்க, சீஸனின் கடைசி நாளில் ஒரு பெரிய கொக்கியை மாட்டிவிட்டுப் போவது வழக்கம்.

‘டல்லஸ்’ என்ற தொடர் மாட்டிய கொக்கி உலகப் பிரசித்தம். 1980 மார்ச் 21-ஆம் தேதி அதன் வில்லனான ஜே. ஆர். யூயிங்கை யாரோ சுட்டுவிட்டார்கள். யார் என்று சொல்லாமலேயே சீஸன் முடிந்துவிட்டது! நடுவில் நடிகர்கள் வேலைநிறுத்தம் வேறு; எனவே எட்டு மாதம் காக்க வேண்டியிருந்தது. நவம்பர் 21-ஆம் தேதி, சுட்டவள் அவனுடைய மைத்துனி கிறிஸ்டின் என்று தெரிந்தபோது, அமெரிக்காவில் மட்டும் எட்டுக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்பது கணக்கு.

அதே தொடர் பிற்பாடு செய்த கூத்தைக் கேளுங்கள். பாபி என்ற கதாநாயகன் ஒரு சீஸன் முடிவில் மாண்டு போனான். அடுத்த சீஸன் முழுவதும் அவன் மனைவி விதவையாக அழுதாள், மறுமணமும் செய்துகொண்டாள். 1986 மே மாதம், அந்தச் சீஸனின் கடைசிக் காட்சியில் அவள் குளியலறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே பாபி ஸ்நானம் செய்துகொண்டிருக்கிறான்! ஒரு வருஷக் கதையும் அவள் கண்ட கனவாம். ஒரு வருஷமாக அவளோடு சேர்ந்து அழுதவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ‘எங்கள் கண்ணீரைத் திருப்பிக் கொடு’ என்று கேட்கத் தோன்றாதா?

நம் ஊரில் சீஸன் என்றால் குற்றாலச் சாரலும் மார்கழிக் கச்சேரியுந்தான். நம் தொடர்களுக்கு அநேகமாகத் திட்டமிட்ட முடிவு கிடையாது. 2003-இல் தொடங்கிய ‘கோலங்கள்’ 2009 வரை ஓடியது. 1,500-க்கு மேற்பட்ட நாட்கள். 2014-இல் தொடங்கிய ‘சந்திரலேகா’ 2022 வரை எட்டு ஆண்டுகள் ஓடியது. ஆரம்பித்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த குழந்தை, முடிகிற வருஷம் எட்டாம் வகுப்புக்கு வந்துவிடும்!

இவற்றின் ஆயுளை நிர்ணயிப்பது கதாசிரியர் மட்டுமல்ல. வியாழக்கிழமைதோறும் வருகிற டி. ஆர். பி. கணக்கு ஏறினால் கதை நீளும். இறங்கினால் முடிவு நெருங்கும். விளம்பரதாரர் விலகலாம், நடிகை விலகலாம். அப்போது ஐந்து வருஷச் சிக்கலை ஐந்தே வாரத்தில் அவிழ்க்க வேண்டும். காணாமற்போன தம்பி திரும்புவான். படுத்திருந்த பாட்டி எழுந்திருப்பாள். வில்லி ஒரே நாளில் திருந்துவாள். கடைசி வாரம் பல தொடர்களில் கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி அவசர அவசரமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

வேலைநிறுத்தம் செய்து வாங்கிய முடிவு

முடிவு பிடிக்கவில்லை என்று நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிப் பொருமுவோம். ஆனால், ஒரு தொடரின் முடிவை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்தது இந்த நாட்டில்.

ராமானந்த சாகரின் ‘ராமாயணம்’ 1987 ஜனவரி 25-ஆம் தேதி தூர்தர்ஷனில் ஆரம்பமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவெல்லாம் வெறிச்சோடிப் போன கதை எல்லாரும் அறிந்ததே. 52 வாரம் என்று ஆரம்பித்து 78 வாரம் வரை நீண்டு, 1988 ஜூலை 31-இல் பட்டாபிஷேகத்தோடு மங்களம் பாடிவிட்டார்கள். நம் கம்பரும் பட்டாபிஷேகத்தோடு நிறுத்தியவர்தானே என்று நமக்குத் தோன்றும்.

வடக்கே அப்படித் தோன்றவில்லை. தொடர் பட்டாபிஷேகத்தோடு நின்றுவிடப் போகிறது என்று தெரிந்ததுமே ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். மற்ற ஊர்களுக்கும் அது பரவியது. வால்மீகி முனிவரைத் தங்கள் குலமுதல்வராகப் போற்றுகிறவர்கள் அவர்கள். காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு அந்த வால்மீகி அடைக்கலம் கொடுத்தாரே, லவனும் குசனும் அவர் ஆசிரமத்தில் பிறந்தார்களே, அந்தக் கதையைக் காட்டாமல் எப்படி முடிக்கலாம் என்பது அவர்கள் வழக்கு. குப்பை மலைபோல் குவிந்தது. கடைசியில் அரசாங்கமே இறங்கி வந்து மிச்சக் கதையையும் எடுக்க ஏற்பாடு செய்தது. உத்தர ராமாயணம் தனித் தொடராக வந்தது.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்டது சந்தோஷமான முடிவையா? இல்லை. பட்டாபிஷேகந்தான் சந்தோஷமான முடிவு. அவர்கள் கேட்டது, சீதை மறுபடியும் ஊர் முன்னால் பரிசுத்தத்தை நிரூபிக்கச் சொல்லப்பட்டு, ‘போதும்’ என்று பூமிக்குள் போய்விடும் கதையை. ராவணன் விழுந்ததோடு ராமாயணம் முடிந்துவிடவில்லை. சீதையின் கணக்கு பாக்கி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே கதை, இரண்டு பாஷை

இந்தச் சீதை விவகாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் திருத்தணிக்கு வாருங்கள். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தோடு நின்ற ஊர் அது. ம. பொ. சி. முதலியவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோடு மாறினாலும் பேச்சு மாறிவிடுமா? தமிழும் தெலுங்கும் இன்றும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன.

இப்படிப்பட்ட எல்லையூருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல ஒரு கதை வந்தது. மலையாளத்தில் ‘கருத்தமுத்து’ என்று 2014-இல் ஆரம்பித்த தொடர் அது. 2017-இல் தெலுங்கில் ‘கார்த்திக தீபம்’ ஆயிற்று. 2019-இல் தமிழில் ‘பாரதி கண்ணம்மா’ ஆயிற்று. தெலுங்கில் தீபா, தமிழில் கண்ணம்மா. அங்கே மோனிதா, இங்கே வெண்பா. மாமியார் மட்டும் இரண்டு பாஷையிலும் சௌந்தர்யா!

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நிறம் குறைந்த நல்ல பெண். அவளை விரும்பி மணந்த டாக்டர். அவன்மேல் ஆசை வைத்த இன்னொரு டாக்டரம்மாள், உனக்குத் தகப்பனாகும் பாக்கியமே இல்லை என்று அவனிடம் பொய் சொல்லிவிடுகிறாள். மனைவியோ கர்ப்பிணி. சந்தேகம் என்ற பேய் அவனைப் பிடித்துக்கொள்கிறது. அவள் வீட்டை விட்டு நடக்கிறாள். பிறந்தது இரட்டைப் பெண்கள். ஒன்று தாயிடம், மற்றொன்று, தன் மகள் என்று தெரியாமலே தகப்பனிடம்.

ஒரு டி. என். ஏ. பரிசோதனை செய்தால் சில நாளில் தீர்ந்து போகிற சந்தேகம். டாக்டருக்கு இது தெரியாதா? தெரியும்! ஆனாலும் வருஷக் கணக்கில் அந்தப் பரிசோதனை நடக்கவே இல்லை. ஊரே சிரித்தது, கேலிச் சித்திரங்கள் பறந்தன, கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடந்ததைப் பரிகசிக்காத ஆள் இல்லை. சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். பார்ப்பதை மட்டும் ஒருவரும் நிறுத்தவில்லை.

ஏன்? பரிசோதனை என்பது கதையில்தான் ரத்தத்தைப் பற்றியது. வீடுகளில் அது வேறு ரூபத்தில் இருக்கிறது. ‘என்னை நம்பு’ என்று சொல்லி நம்பப்படாமல் போன பெண் எந்தத் தெருவில் இல்லை? அவளுக்கு எந்த ஆஸ்பத்திரி சான்றிதழ் கொடுக்கும்? கண்ணம்மாவுக்காவது கடைசியில் ஒரு காகிதம் வரும் என்ற நம்பிக்கைதான் அவளை நாள்தோறும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்த்தி வைத்தது.

2023 ஜனவரி 23-இல் கார்த்திக தீபம் முடிந்தது. இரண்டே வாரத்துக்குள், பிப்ரவரி 4-ஆம் தேதி பாரதி கண்ணம்மாவும் முடிந்தது. தமிழ்க் கதையில் உண்மை வெளிப்பட்டது. டாக்டர் கண்ணீர் விட்டார். ஆனால், எனக்குப் பிடித்த கட்டம் அது அல்ல. காகிதம் வந்த உடனே கண்ணம்மா ஓடிப் போய்க் காலில் விழுந்துவிடவில்லை. ‘காகிதத்தை நம்பினாய், என்னை நம்பவில்லையே’ என்கிற மனத்தாங்கலோடு விலகிப் போனாள். அவர்தாம் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பிறகுதான் மறு கல்யாணம். வெண்பாவுக்கு என்ன தண்டனை என்பதை இன்று பல பேர் மறந்திருப்பார்கள். கண்ணம்மா காக்க வைத்ததை மறந்திருக்க மாட்டார்கள். தணிவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட முடிவு அது.

வில்லனைப் பறிகொடுத்த தொடர்

2022 பிப்ரவரி 7-ஆம் தேதி ஆரம்பித்த ‘எதிர்நீச்சல்’ இன்னொரு விசித்திரம். படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் பூட்டி வைக்கிற ஒரு பெரிய வீடு. அதை ஆட்டிப் படைக்கும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். அவரைக் கண்டால் நேயர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர் வராத நாளிலோ சப்பென்று இருக்கும்!

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மார்வலி வந்து மாரிமுத்து காலமானார். நேற்றுவரை ‘இவன் உருப்படுவானா’ என்று திட்டிய தாய்மார்கள் அன்று வாய்விட்டு அழுதார்கள். படுகளத்தில் துரியோதனனுக்கு வைக்கிற ஒப்பாரிக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தை ஏற்றார். 2024 ஜூன் 8-இல் முதல் பாகம் முடிந்தபோது குணசேகரன் சிறைக்குப் போயிருந்தார். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய பெண்கள் சொந்தக் காலில் நிற்கப் புறப்பட்டார்கள்.

இந்த முடிவில் யாருக்கும் மறு கல்யாணம் இல்லை. மாமனார் வீட்டுச் சீர் இல்லை. வாசற்படி தாண்டுகிற பெண்கள்தாம் ‘சுபம்’. கண்ணம்மாவுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. இவர்களுக்குக் காகிதமும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி இரண்டாம் பாகம் தொடங்கியதும் குணசேகரனின் நிழல் திரும்பி வந்தது என்பது வேறு விஷயம். சீஸன் என்ற அமெரிக்க வியாபாரம் நம்மிடமும் வந்துவிட்டது. சம்ஹாரம் செய்யப்பட்ட சூரன் அடுத்த வருஷமும் வர வேண்டுமே!

பத்திரிகைக்கும் இதே பாடு

டெலிவிஷனை மட்டும் சொல்வானேன்? வாரந்தோறும் தொடர்கதை போடுகிற எங்கள் ஜாதிக்கும் இந்தச் சங்கடம் உண்டு. கல்கி அவர்களின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரை மூன்றரை ஆண்டு வந்தது. முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேள்விமேல் கேள்வி. கல்கி ஒரு முடிவுரை எழுதி அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த முடிவையும் கவனியுங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கொக்கி கடைசி வரைக்கும் முழுசாக அவிழவில்லை. அவிழ்ந்தது வேறொன்று. முடிசூட வேண்டிய அருள்மொழி, அந்த முடியைத் தன் சித்தப்பா மதுராந்தகருக்கு விட்டுக்கொடுக்கிறார். யுத்தமாக வெடித்திருக்க வேண்டிய பெரிய பகை அந்த ஒரே காரியத்தில் தணிந்து போகிறது. கடைசிப் பக்கமோ, காதல் கைகூடாமல் உயிர் விடும் மணிமேகலைக்கு. எழுபது வருஷமாகியும் கொலைகாரனைப் பற்றித் தர்க்கம் செய்கிறோம். ஆனால், கண் கலங்குவது மணிமேகலைக்காகத்தான்.

மறுநாள்

தொடர் முடிந்த மறுநாள் என்று ஒன்று இருக்கிறது. அதே நேரத்தில் கை தானாக ரிமோட்டைத் தேடும். புதுத் தொடர் ஒன்று ஓடும், முகங்கள் பழக்கமில்லை. விருந்தாளிகள் ஊருக்குப் போன வீடு மாதிரி இருக்கும். அந்த அரை மணி நேரம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. நாள் முழுவதும் பிறருக்காக ஓடிய ஒருத்தி தனக்கென்று உட்கார்ந்த அரை மணி. அதனால்தான் முடிவு சரியாக இல்லாவிட்டால் அவ்வளவு கோபம் வருகிறது. தொடர்காரர்கள் நம் நேரத்தை மட்டும் வாங்கவில்லை. நம் துக்கத்தில் கொஞ்சத்தையும் அடகு வாங்கிக்கொண்டார்கள். கடைசி நாளில் அதை மீட்டுக் கொடுக்க வேண்டாமா?

அப்படி மீட்டுக் கொடுத்த கதைக்குச் சாவே இல்லை. 2020-இல் ஊரடங்கின்போது படப்பிடிப்பெல்லாம் நின்று போய், பழைய தொடர்களைத் திரும்பப் போட்டார்கள். ராமாயணம் வந்தது. 2002 முதல் 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’யும் வந்தது. ஐந்து பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தவிக்கிற அந்தத் தகப்பனாரின் கதை எங்கே போய் முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்து பார்த்தார்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்ற ஆவல் ஒரு தடவைக்குத்தான். ‘ஆறிவிட்டது’ என்கிற நிம்மதியோ எத்தனை தடவைக்கும் போதும்.

திருத்தணி மலைக்குப் படிகள் 365, வருஷத்துக்கு நாள் எத்தனையோ அத்தனை. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்த வழக்கப்படி, டிசம்பர் 31-ஆம் தேதி ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே மேலே போகிறார்கள். எந்தப் படியையும் தாண்டிக் குதிப்பதில்லை; கடைசிப் படிக்கு வருவதற்குள் வருஷமும் முடிகிறது. தொடர் எழுதுகிற புண்ணியவான்கள் ஒரு தடவையாவது அதைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆயிரம் படி ஏற்றிவிட்டு, கடைசிப் பத்துப் படியில் எங்களைத் தள்ளிவிடாதீர்கள், ஐயா!